அக்காவின் லேத்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், சின்ன வயதில் யார் வீட்டில் என்ன மிஷின் இருந்தது என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். பாதிப் பேர் தையல் மிஷின் என்பார்கள். கொஞ்சம் வசதியாக இருந்தவர்கள் ஃப்ரிட்ஜைச் சொல்வார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். எங்கள் வீட்டில் ஒரு லேத் இருந்தது. ஒரே ஒரு மழைக்காலம்தான் இருந்தது. புனாவில் முதல் மழை இறங்கிய வாரத்தில் வந்தது. கணபதியைக் கரைத்த கையோடு போய்விட்டது.

இப்போது வாகட் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் பால்கனியில் சின்னச் சின்ன மிஷின்களை வைத்துக்கொண்டு மரத்தையும் பித்தளையையும் கடைகிறார்கள். ஃபோனில் சொன்னால் வாசலுக்கே வந்து இறங்கிவிடுகிறதாம். அந்தச் சத்தம் கேட்டால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். காது வலிக்கிறதா அத்தை என்று மருமகள் கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உங்களிடம் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்து வீடுகளில் பெரியவர்கள் எடுத்த முடிவுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கும் தெரியும்.

அப்போது நாங்கள் போபோடியில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான். அக்கா பத்தாவது படித்தாள், நான் நாலாவது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதிலேயே இங்கே வந்துவிட்டவர்கள் அப்பாவும் அம்மாவும். அப்பா அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றின் ஆபீஸில் கிளார்க். தினமும் பெரிய பெரிய மிஷின்கள் ஓடும் கூடத்தைத் தாண்டித்தான் அவருடைய நாற்காலிக்குப் போக வேண்டும். அங்கே மிஷின் ஓட்டுகிறவர்கள் அவரை "பாபு" என்பார்களாம். பேனா பிடிக்கிறவன்தானே என்ற இளப்பம் அதில் இருந்ததாக அப்பா நினைத்தார். சாப்பிடும்போது அந்த மிஷின்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு கையிலேயே காய்ந்துபோகும்.

கட்கி கண்டோன்மென்ட் பக்கம் பெரிய பங்களாவில் இருந்த ஒரு கிழவர், பிள்ளைகளோடு வெளிநாட்டில் போய் இருந்துவிடுவதாக முடிவு செய்து வீட்டுச் சாமான்களை விற்றார். அதில் அவர் பொழுதுபோக்குக்காக வைத்திருந்த இந்தச் சின்ன லேத்தும் ஒன்று. கூடவே ஒரு மோட்டார், ஒரு சாணைச் சக்கரம், கான்வாஸ் பையில் சுற்றிய உளிகள். நாலு ஆட்கள் தள்ளுவண்டியில் வைத்து, தார்ப்பாய் போர்த்தி, மழைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்பா குடையைத் தனக்குப் பிடிக்காமல் வண்டிக்குப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "நான் தையல் மிஷின்லா கேட்டேன்?" என்றாள்.

"இதுலயும் மோட்டார் இருக்குட்டி," என்றார் அப்பா.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. வீட்டுக்காரம்மாவை நாங்கள் காக்கு என்று கூப்பிடுவோம். மராத்தியில் சித்தி மாதிரி. மதியம் அவள் தூங்கும் நேரத்தில் ஓட்டக்கூடாது, விழுகிற மரச்சீவலெல்லாம் தன் வெந்நீர் அடுப்புக்கு வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டுக் கொட்டகையைக் கொடுத்தாள். அதில் கரண்ட் கிடையாது. எங்கள் அடுப்படி ஜன்னல் வழியாக அப்பா ஒரு வயரை இழுத்தார். மிதித்து ஓட்டும் தையல் மிஷின் இருக்க வேண்டிய மூலையில், அம்மாவின் உப்பு ஜாடிக்கு மேலே, அந்த வயரின் பிளக் தொங்கியது.

அப்பாவுக்கு அந்த மிஷின் வசப்படவே இல்லை. இதை இப்போது சொல்லும்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு போய் நிற்பார். கட்டையை மாட்டுவார். மிஷின் ஓடத் தொடங்கியதும் முகம் ஒரு மாதிரி பிரகாசமாகும். உளியை வைப்பார். கடகடவென்று ஒரு உதறல். கட்டை தெறித்துப் போய்த் தகரத்தில் அடிக்கும். அம்மா அடுப்படியிலிருந்து, "உயிரோட இருக்கியளா?" என்று குரல் கொடுப்பாள். ஒரு மாதம் கழித்தும் அவரால் ஒழுங்கான ஒரு பம்பரம்கூடக் கடைய முடியவில்லை.

வெளிச்சம் போதாது என்று அக்காவை டார்ச் பிடிக்கச் சொல்லியிருந்தார். அவள் பிடித்துக்கொண்டே நிற்பாள். ஒருநாள், "அப்பா, உளி கீழ இருக்கு. கட்டையோட நடுவுக்கு வரணும்," என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியுதே."

அப்பா சிரித்துக்கொண்டு உளியை அவள் கையில் கொடுத்தார். டார்ச் என் கைக்கு வந்தது. அக்கா காலை அகட்டி நின்றாள். உளியை இடுப்பு எலும்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, உடம்பையே மெதுவாக நகர்த்தினாள். உதறல் இல்லை. மாம்பழத்தோல் சீவுவதுபோல நீளமாக ஒரு சுருள் வந்து அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. சூடாக இருந்ததாம். அதை அவள் உதறவில்லை. ஈரத் தகரத்தின் வாடைக்கு நடுவில் சீசம் மரத்தின் இனிப்பு வாசனை எழுந்தது. மிஷினை நிறுத்தியபின் அப்பா கட்டையின் மேல் விரலை ஓட்டினார், பலமுறை ஓட்டினார்.

அதன்பிறகு அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசிவிட்டுக் கொட்டகைக்குள் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வெளியே வருவாள். காக்குவுக்குச் சப்பாத்திக் குழவி செய்து கொடுத்தாள். காக்கு அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "கித்தி சுந்தர்!" எத்தனை அழகு என்று எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினாள். அக்கா மரத்திலிருந்து பித்தளைக்குப் போனாள். பித்தளை கடையும்போது சுருள் வராது. தங்கப்பொடி மாதிரி தெறிக்கும். அவள் தலைமுடியில், புருவத்தில், கழுத்து வியர்வையில் எல்லாம் மின்னும். அம்மாவுக்கு ஒரு குங்குமச் சிமிழ் செய்தாள். மூடியைத் திருகி மூடும்படி மரை வெட்டியிருந்தாள். அந்த மரைக்காக ஒரு வாரம் பல்சக்கரங்களை மாற்றி மாற்றிப் போட்டு, தரையில் கரிக்கட்டையால் கணக்குப் போட்டிருந்தாள். அம்மா மூடியைத் திருகினாள், திறந்தாள், திருகினாள். "புளி போட்டுத் தேச்சா இன்னும் பளபளன்னு வரும்," என்றாள். அம்மாவிடமிருந்து அவ்வளவுதான் வரும். ஆனால் அன்றைக்கு அக்காவுக்கு இரண்டாவது முறை ரசம் ஊற்றும்போது கை தாராளமாக இருந்தது.

ஆவணியில் ஒருநாள், அக்கா செய்த பேனா ஸ்டாண்டை அப்பா ஆபீஸுக்கு எடுத்துப் போனார். சாயங்காலம் வந்ததும் அம்மாவிடம் அடங்காத குரலில் சொன்னார். ஆபீஸர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாராம். எங்கே வாங்கினீர்கள் என்றாராம். "நானே செஞ்சதுன்னு சொன்னேன். நாற்காலியப் போட்டு உக்காரச் சொன்னாரு. இத்தன வருஷத்துல மொதல் தடவை."

அக்கா உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய், "அக்கா, நீ செஞ்சதை அப்பா செஞ்சதா சொல்லிட்டாரு," என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "சொன்னா சொல்லிட்டுப் போறாரு. மிஷின வித்துராம இருந்தாச் சரி," என்றாள்.

அப்போது அது எனக்குப் பெருந்தன்மையாகத் தெரிந்தது. பதினைந்து வயதுப் பெண் தன் பேரைக் கொடுத்து மிஷினை வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. அப்பா மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் வரவில்லை. பாபு என்று கூப்பிட்ட இடத்தில் ஒரு நாற்காலி கிடைத்ததும் மனிதர் வீட்டுக்குள் நடக்கிற நடையே மாறியிருந்தது.

ஆபீஸில் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். கதவுக்குமிழ், விளக்குத் தண்டு, பீரோவுக்குக் கால். அப்பா கேட்டு வருவார், அக்கா கடைவாள், அப்பா கொண்டுபோவார்.

அந்த நாட்களில்தான் உடுப்புச் சண்டை வந்தது. அக்கா ஒருநாள் அப்பாவின் பழைய கால்சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டி, அவருடைய சட்டையை உள்ளே செருகி, பின்னலைத் தலையைச் சுற்றிக் கட்டித் துணியால் மூடிக்கொண்டு நின்றாள். அன்றைக்கென்று பார்த்து, கட்கி பஜாரிலிருந்து அம்மாவுக்குத் தெரிந்த ஒரு மாமி வந்திருந்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். அந்த மௌனம் அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது.

"என்னட்டி கோலம் இது? நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போறவ!"

"தாவணி மிஷின்ல மாட்டும்மா."

"இடுப்புல இறுக்கிச் சொருகு. தாவணி போட்டுக்கிட்டுப் போறதுன்னா போ. இல்லன்னா கொட்டகைப் பக்கமே போவாண்டாம்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். தொழிற்சாலையில் தொளதொள உடுப்போடு மிஷின் பக்கம் போகக்கூடாது என்று எழுதி மாட்டியிருப்பதை எங்களிடம் சொன்னதே அப்பாதான். வேட்டி கட்டி வந்த ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிய கதையும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் செய்தித்தாளை மடித்தார். "அம்மா சொல்லுததக் கேளு," என்றார். அவ்வளவுதான். இராத்திரிச் சாப்பாடு சண்டையில்லாமல் முடிய வேண்டும் என்று நினைத்திருப்பார். அதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

கணபதி வந்தார். சந்துமுனையில் பந்தல் போட்டு, காலையும் மாலையும் டோல் தாஷா மேளம் முழங்கியது. ஆபீஸர் வீட்டில் கணபதிக்கு வைக்கிற சமயி என்னும் பித்தளைக் குத்துவிளக்கின் தண்டு உடைந்திருந்தது. புதுத் தண்டு ஒன்று கடைந்து தர வேண்டும் என்று கேட்டிருந்தார். அதோடு, நீங்கள் வேலை செய்வதை நான் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். முடியாது என்று அப்பாவால் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

அப்பாவும் அக்காவும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்கா முழுவதும் கடைந்து வைத்துவிடுவாள். கடைசியாக ஒரு மெல்லிய சீவல் மட்டும் பாக்கி இருக்கும். ஆபீஸர் முன்னால் அதை அப்பா எடுப்பார். பித்தளைக்கு உளியை மிஷினே பிடித்துக்கொள்ளும்; அதை நகர்த்துகிற பிடியை மெதுவாகத் திருப்பினால் போதும். சனிக்கிழமை முழுக்க அக்கா அப்பாவுக்கு அதைப் பழக்கினாள். அவர் திருப்பத் திருப்ப, "இவ்வளவு வேகம் வேண்டாம்ப்பா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வருகிறார் என்று அம்மா அக்காவுக்குப் புது நைலான் தாவணியை எடுத்துக் கொடுத்தாள். ஊதா நிறம். இடுப்பில் செருகினால் நிற்காத துணி அது. ஆபீஸர் வந்தார். நல்ல மனிதர்தான், எனக்கு ஒரு பேடா கொடுத்தார். கொட்டகைக்குள் தலை குனிந்து நுழைந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா காப்பித் தம்ளர்களோடு அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் வாசலில்.

அப்பா மிஷினை ஓட்டினார். பிடியைத் திருப்பினார். முதலில் பொடி ஒழுங்காகத் தெறித்தது. "வாஹ்," என்றார் ஆபீஸர். அந்த ஒரு வார்த்தைதான். அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தார். கை தானாக வேகமாகத் திரும்பியது. மிஷின் கிறீச்சிட்டது. தண்டு அதிர ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் போனால் அத்தனை வேலையும் பாழ். அதோடு அப்பாவின் பேரும். அக்கா தம்ளரைக் கீழே போட்டுவிட்டு, பிடியைப் பின்னுக்குத் திருப்புவதற்காக அப்பாவைத் தாண்டி வலது கையை நீட்டிக் குனிந்தாள்.

தாவணி முன்னால் சரிந்தது.

அதை நான் விவரிக்கப் போவதில்லை. ஊதாத் துணி சுற்றிக்கொண்டு போனதும் கை கூடவே போனதும் கண் இமைப்பதற்குள். அக்கா ஒரு சத்தம்தான் போட்டாள். ஸ்விட்ச் அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார், யாரோ துப்பாக்கி காட்டியதுபோல. மிஷினை நிறுத்தியவள் அம்மா. சத்தம் கேட்டதும் அடுப்படியில் பிளக்கைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். உப்பு ஜாடி உடைந்து, அந்த உப்பின்மேல் வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

ஆபீஸரின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. மற்ற விரல்கள் இருந்தன, மடங்கவில்லை. கட்டுப்போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். ஆபீஸர் அப்பாவிடம், குழந்தை ஏன் மிஷினுக்குள் கையை நீட்டியது என்று மெதுவாகக் கேட்டார். கேட்டது குற்றம் சொல்வதற்காக இல்லை. அப்பாவுக்கு உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது.

அப்பா இந்தியில் சொன்னார்: "சொன்னா கேக்கிறதில்ல சார். விளையாட்டுப் புத்தி. மிஷினத் தொடாதேன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்."

அக்கா கண்ணைத் திறந்துதான் இருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டு வரலாறாகிவிட்டது. ஊருக்குக் கடிதம் அப்படித்தான் போனது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அம்மாவுக்கு உண்மை தெரியும். ஆனால் அதைச் சொன்னால் தாவணியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் அந்த ஊதாத் துணியின் மிச்சத்தைக் காக்குவின் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தாள். அக்கா தானாகவே இடதுகையால் சாப்பிடப் பழகும்வரை அவளுக்கு ஊட்டிவிட்டாள். அதன்பிறகும் கொஞ்ச நாள் ஊட்டப் பார்த்தாள்; அக்கா தட்டை நகர்த்திக்கொண்டாள்.

லேத்தைத் தாபோடியிலிருந்து வந்த யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். தள்ளுவண்டி சந்து திரும்பும்வரை அக்கா கட்டுப்போட்ட கையோடு ஜன்னலில் நின்றாள். பத்தாவது முடிந்தபின் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்று கேட்டாள். கை நன்றாக இருந்த காலத்திலேயே அதைக் கேட்கத்தான் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். "இந்தக் கைய வச்சுக்கிட்டா?" என்றார் அப்பா. குரலில் கோபமில்லை, பாவம் பார்க்கிற குரல்தான். அக்காவுக்கு அது கோபத்தைவிட மோசமாக இருந்திருக்கும்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், சின்ன வயதில் விளையாட்டாகக் கையை விட்டுவிட்டாள் என்றுதான் சொன்னார்கள். அடக்கமில்லாத பெண்ணோ என்று இரண்டு இடம் தட்டிப்போனது. கடைசியில் சோலாப்பூரில் மனைவியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அத்தான் கெட்டவரில்லை. அக்கா அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள், இடதுகையால் கோலம் போட்டாள், எந்தப் பொருள் உடைந்தாலும் ஆளைக் கூப்பிட்டுத்தான் சரிசெய்தாள். ஒருமுறை அங்கே போயிருந்தபோது குக்கர் மூடியின் திருகு கழன்று வந்தது. நான் அவளிடம் நீட்டினேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கடையில குடுத்துரு," என்றாள்.

அப்பா தொண்ணூறை நெருங்கும்போது பக்கவாதம் வந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். சாங்வியில் என் வீட்டில் அவரைப் படுக்க வைத்திருந்தோம். பார்த்துக்கொள்ள அக்கா சோலாப்பூரிலிருந்து வந்தாள். நான் கேட்காமலே வந்தாள். அவரைத் திருப்பிப் போடுவது, துடைப்பது, கஞ்சி புகட்டுவது எல்லாம் அந்தக் கையோடுதான் செய்தாள். அப்பாவின் பேச்சு குழறிப்போயிருந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் நெடுநேரம் ஆகும்.

ஒருநாள் காலையில் தேஹுரோட்டிலிருந்து சித்தப்பா பார்க்க வந்தார், அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கூட அவருடைய மருமகளும் வந்திருந்தாள். அந்தப் பெண் அக்காவின் கையைப் பார்ப்பதைக் கவனித்த சித்தப்பா, வழக்கமான கதையை எடுத்தார்.

"சின்னதுல துறுதுறுன்னு இருப்பா இவ. அண்ணன் ஆசையா ஒரு மிஷின் வாங்கி என்னவெல்லாமோ செஞ்சாரு. இவ போயி அதுல கைய விட்டுட்டா."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நூறு தடவை கேட்ட கதை, கை நிற்கவில்லை. அப்பாதான் அசைந்தார். தலையைத் தலையணையிலிருந்து தூக்கப் பார்த்தார்.

"அவ..." என்றார். "அவதான்... செஞ்சா."

எல்லோரும் திரும்பினோம்.

"எல்லாம்... அவதான் செஞ்சா. நான்... இல்ல."

சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது. "ஆமாண்ணே, அவதான் எல்லாம் செய்யுதா. ஒங்களால இப்பம் என்ன முடியும்? இப்பிடி ஒரு மக கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்லா?" என்றார். மருமகளும் தலையாட்டினாள்.

அப்பா இல்லை இல்லை என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். வாயிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு இறங்கியது. நான் சித்தப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். முந்தானையால் அப்பாவின் காதோரத்தைத் துடைத்தாள்.

"போதும்ப்பா. வாயத் தொறங்க, ஆறிப்போவுது."

அவர் திறந்தார்.

சித்தப்பா போனபின் அடுப்படியில் அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, அப்பா சொன்னது கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு," என்றாள். கிண்ணத்தைக் கவிழ்த்தாள். குழாயை மூடினாள்.

"ஆஸ்பத்திரியிலயும் இத்தன பேரு இருந்தாவ," என்றாள். "அன்னைக்குச் சொல்லியிருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்."

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க உள்ளே போனாள்.